என் கண்ணும் ஹம்தாமின் தக்காளியும்

எங்கள் தெருவின் பெரிய அறிவாளி ஹம்தாம். பசுமைக்குடில் போட்டுத் தக்காளி வளர்ப்பவன். குவா ஊரில் தன் தக்காளி இல்லாமல் கல்யாணமே நடப்பதில்லை என்று தானே சொல்லிக்கொள்வான். இந்த வருஷம் கல்யாணம் அவன் மகள் ஸும்ராதுக்கு. பந்தியில் போடும் பலோ என்ற இறைச்சிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளியைக் கடையில் வாங்கினால் சம்பந்தி வீட்டார் முன்னால் தலை நிமிர முடியாதாம்.

அந்த நேரம் பார்த்துக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகத் தொடங்கியது. காரணத்தை அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் பச்சைக் கண்ணோடு ஒருத்தி இருக்கிறாளே, நான்தான்.

குடில் முழுக்க இசிரிக் செடியைக் கொளுத்திக் கண்ணேறு கழிக்கப் புகை போட்டான். அதோடு விட்டிருக்கலாம். வாய்க்கால் என் வேலியோரமாக வருகிறது. நான் முற்றத்தில் நின்றால், என் கண் பட்ட தண்ணீர் செடிக்கு ஆகாதென்று அவன் மடையைத் திறக்கவே மாட்டான். நானோ பொழுதெல்லாம் முற்றத்தில் கிடப்பவள். செடி வாடித் தொங்கும். நான் சந்தைக்குப் போனதும் ஒரேயடியாக வெள்ளம் பாய்ச்சுவான்.

பார்க்க வந்த வேளாண் அதிகாரி தெளிவாகத்தான் சொன்னார்.

"காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரல. மண்ணுல நிறையவே இருக்கு. தண்ணிதான் அதைத் தூக்கிட்டுப் போகணும். நீங்க நல்லா காயப்போட்டுட்டு அப்புறம் வெள்ளமா விடுறீங்க."

"சரிங்கய்யா" என்ற ஹம்தாம், அவர் கிளம்பியதும் இன்னொரு சட்டி புகை போட்டான்.

பிறகு என் தங்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அவள் ஊரான நமங்கானுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் புதுக் காய்கள் மாசுமறுவில்லாமல் தொங்குகின்றன. ஆளில்லாத முற்றம், தினமும் தண்ணீர், வேறென்ன ஆகும்? தெருவுக்கு மட்டும் வேறு கணக்கு. என்னைக் கண்டதும் பெண்கள் கைக்குழந்தையின் முகத்தை மூடினார்கள். வலித்தது.

சாயங்காலம் ஹம்தாம் வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணம் முடியற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வாங்களேன்."

"நான் பாட்டுக்கு இங்கயே இருக்கேன். நீ தினமும் தண்ணி விடுடா, போதும்."

"அதெப்படிக்கா விடறது? நீங்க பாத்துட்டு இருப்பீங்களே."

ஸும்ராதை முதன்முதலில் தொட்டிலில் கிடத்தியவள் நான். இந்தக் கண் பார்க்கத்தான் அவள் வளர்ந்தாள், ஓரிடமும் கறுக்கவில்லை. நான் இருந்தால் இவன் மடையைத் திறக்கமாட்டான். கல்யாணப் பந்தியில் அந்தப் பெண்ணுக்குத்தான் தலைகுனிவு. பெட்டியைக் கட்டினேன்.

பந்தியில் வைத்த தக்காளியில் ஒன்றுகூடக் கறுக்கவில்லையாம். ஸும்ராதை மணக்கோலத்தில் நான் பார்க்கவில்லை.