ஆஸ்காருக்குக் கோபம்

என் வீட்டுக்காரர் ஞானராஜ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் யார் திட்டினாலும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்த மனுஷன், வீட்டில் அவருடைய நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் போதும், சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எங்கள் மகள் டயானாவைப் பெண் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்த முதல் மாப்பிள்ளையின் அப்பா, தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர் உள்ளே போய்ப் படுத்தவர்தான், அவர்கள் கிளம்பும்வரை எழவில்லை. அந்த இடம் அதோடு போயிற்று.

இவர் ஒருத்தர் போதாதென்று டயானா இன்னொருத்தனைக் கொண்டுவந்தாள். விழுப்புரத்தில் கலர் மீன் கடையில் விரல் நீளத்தில் வாங்கிய மீன். அந்த வகைக்கே ஆஸ்கார் என்றுதான் பெயராம், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். தொட்டியில் ஏற்கெனவே இருந்த குட்டி மீன்களோடு விட்டாள். ஒரு வாரத்தில் அவன் மட்டும்தான் மிச்சம். வாய்க்குள் அடங்குகிற எதையும் முழுசாக விழுங்கிவிடுவான். வால் பக்கம் கண் மாதிரி ஒரு வட்டம் வேறு. அமேசான் ஆற்றில் கடிக்க வருகிற மீன்கள் அதைத் தலை என்று நம்பி ஏமாறுமாம். எமகாதகன்.

"இடம் மாத்தினா கோவிச்சுக்கினு ஒரு பக்கமா சாஞ்சு படுத்துக்கும்மா. செத்த மாதிரியே கெடக்கும்" என்றாள் டயானா.

"உங்கப்பாவுக்கு ஏத்த புள்ளதான்" என்றேன்.

அப்புறம் வளவனூரிலிருந்து சகாய பிரவீன் வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். அந்தப் பையனை டயானாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "இந்த வாட்டியாவது அப்பா எழுந்து உக்காந்தாப் போதும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதில் இன்னொரு பேஜாரு, பையனுடைய அப்பா பெயரும் ஆஸ்கார். அவர்கள் போகிறவரைக்கும் மீன் பேரை வாயில் எடுக்கக் கூடாது என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆனால் வினையை இழுத்துவிட்டது நான்தான். கூடம் அடைசலாக இருக்கிறதே என்று காலையில் பாதித் தண்ணீரை இறைத்து, மீன் தொட்டியை மூலைக்குத் தள்ளினேன். நாற்காலியை மட்டும் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

வந்தவர்களுக்கு டயானா காபி கொடுத்தாள். இவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, இவர் கண் மூலைக்குப் போயிற்று. தொட்டியின் அடியில் மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

"ஐயோ, ஆஸ்கார் செத்துட்டானே" என்று எழுந்துவிட்டார்.

சம்பந்தியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. எனக்கு நாக்குக் குழறியது. "சாவலைங்க, ஆஸ்காருக்குக் கோவம்ங்க. இடம் மாத்தினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கினு படுத்துக்கும்" என்று உளறிக் கொட்டினேன். டயானா முகத்தை மூடிக்கொண்டாள்.

பையனின் அம்மா ஜெசிந்தா தொட்டியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "எங்க ஊட்டு ஆஸ்காரும் அப்டித்தாங்க. கட்டிலக் கொஞ்சம் நகத்தினா ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டாரு" என்றாள். புருஷன் பெயரைச் சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் எழுந்தார். அவ்வளவுதான், வாசலுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். நேராகப் போய்த் தொட்டியின் முன்னால் குனிந்தார்.

"பாவம், ஒரு வார்த்தை சொல்லாம எடத்த மாத்தினா அதுக்கு எப்டி இருக்கும்?"

"அதத்தாங்க நானும் இத்தினி வருசமாச் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார் இவர். சொன்னவர், தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க சம்பந்தி" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து டயானா வளவனூருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தொட்டியில் ஆஸ்கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறான். உள்ளே இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பெற்றவள் நான், எனக்கும் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் ஆசை. மூன்று பேரும் படுத்துவிட்டால் யார் சோறு பொங்குவது?