மயிலத்தில் நிறுத்திய பாட்டு

கொலைச் சிந்து விற்கிறவனுக்கு இரண்டே முதல்: சொந்தத் தொண்டை, அடுத்தவன் துக்கம்.

ரயிலில் கூவிப் பிழைத்த என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா? ஊரில் ஒரு கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, விழுப்புரம் பாசஞ்சரில் திண்டிவனம் வரை பாடி விற்பேன். நான் படித்தது மூன்றாவது வரைதான். மீதியெல்லாம் பிளாட்பாரத்தில் வாங்கிய அடி.

முடிவு புத்தகத்தில்

முண்டியம்பாக்கத்தில் கல்யாணம், விக்கிரவாண்டியில் சண்டை, பேரணி தாண்டினால் கத்தி. மயிலம் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவேன். கொலைகாரன் மாட்டினானா என்று தெரிய வேண்டுமா, புத்தகம் வாங்கு! ஒருநாள் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். நானும் விடவில்லை, எகிறினேன். வண்டியே வேடிக்கை பார்த்தது. கடைசியில் இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எம் பொண்டாட்டிக்கு. பாதிக் கதையோட வூட்டுக்குப் போனா அவ என்னைக் கொன்னுடுவா."

முந்தினவன் பாட்டு

அதிகம் விற்றது செல்வி கொலைச் சிந்து. பிரம்மதேசம் பக்கத்துப் பெண், புருஷன் வெட்டிவிட்டான். திண்டிவனத்தில் எனக்கொரு போட்டிக்காரன் இருந்தான். யார் முதலில் அச்சடிக்கிறானோ அவன் பாட்டுதான் ஓடும். டீக்கடையில் ஒருத்தன், "அவ எவங்கூடவோ ஓடினாளாம்" என்றான். எனக்கு அது போதும். உட்கார்ந்த இடத்திலேயே கட்டினேன்:

*கட்டின தாலி விட்டு*
*காதலனைத் தேடி வந்தாள்.*

"விசாரிச்சியாப்பா?" என்றார் அச்சுக்கூடத்துக்காரர். விசாரிக்கிறது போலீஸ் வேலை, நீ அச்செழுத்தைக் கோத்துக் கொடு என்று சீறினேன். அவர் நிமிராமல் கோத்துக்கொண்டே சொன்னார்: "கோத்த எழுத்த நான் பிரிச்சிடுவேன். வித்த பாட்ட நீ எப்பிடிப் பிரிப்ப?"

பேரணியில் ஏறியவள்

கீரைக்கூடையோடு ஏறிய அம்மா ஒருத்தி, நான் பாட்டை நிறுத்தும்வரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள். பேரம் பேசத்தான் வருகிறாள் என்று நினைத்து, "ஒரு பைசா குறையாது, போம்மா" என்றேன்.

"வெல கேக்க வரல தம்பி. அந்த ஒரு வரிய மாத்து. செல்வி எம் பொண்ணு. அவன் அடி தாங்காம என்கிட்ட வந்துக்கினு இருந்தா. தாலிய அவ வுடல. பொணத்துக் கழுத்துலருந்து நாந்தான் கழட்டினேன்."

பேனாக் கோடு

அன்றைக்கு மயிலத்திலேயே இறங்கிவிட்டேன். கோபம் வந்தது, இந்தத் தடவை யார் சட்டையைப் பிடிப்பது? பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பையில் மிச்சமிருந்த புத்தகம் ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்து, பக்கத்தில் எழுதினேன்:

*கட்டின தாலியோட*
*பெத்தவளைத் தேடி வந்தாள்.*

மறுநாளிலிருந்து மாற்றியபடியே பாடினேன். விற்றுப்போன புத்தகங்களில்தான் பழைய வரி அப்படியே கிடந்தது. திண்டிவனத்தில் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகத்தில் வீசாத குறையாக நீட்டினார்: "இன்னாய்யா, கிறுக்கின புஸ்தகத்த என் தலைல கட்டப் பாக்குற? நல்லதா ஒண்ணு குடு!"

எதிர் சீட்டு

இப்போது அதே வண்டியில் சார்ஜர் ஒயர் விற்கிறேன். போன மாதம் எதிர் சீட்டில் ஒரு பெண், பூ கட்டிக்கொண்டே செல்வி பாட்டை முணுமுணுத்தாள். ஒயரை விலை கேட்டவரைக்கூடக் கவனிக்காமல் நின்றேன். எந்த வரி வரப்போகிறது? "கட்டின..." என்று இழுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "தாலியோட" என்றாள்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். "எங்கம்மா பாடுவாங்க. வூட்ல பழைய புஸ்தகத்துல வேற மாதிரி இருக்குதுங்க. அது அச்சுக்காரன் பண்ண தப்புன்னு அம்மா சொல்லும்."

வாழ்நாளெல்லாம் பேரம் பேசிப் பிழைத்த நான், கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தது அந்த ஒரு வரியைத்தான். அதிலும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லாமல், பழியை மட்டும் அச்சுக்காரர் தலையில் கட்டிவிட்டேன்.