டீசல் தொட்டிக்கு ஒரு விதிவிலக்கு

நான் எழுதிய கடிதங்களிலேயே நன்றாக அமைந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு டீசல் தொட்டிக்காக எழுதியது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் மேனேஜர் அதைப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

எங்கள் வீட்டில் எல்லோரும் பேனா பிடித்தே பிழைத்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்த தலைமுறை தொடங்கி, ரயில்வே, தபால், பள்ளிக்கூடம் என்று மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள். ஒன்றை எழுதி, முத்திரை குத்தி, கோப்பில் போட்டுவிட்டால் அது நடந்துவிட்டது என்று நம்புகிற குடும்பம். நானும் அதே ரகம்தான். ஜார்ஜ் டவுனில் குடியிருந்துகொண்டு, தினமும் கடல் மேலுள்ள பாலத்தைத் தாண்டி, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். அலுவலக நிர்வாகம் என் வேலை. பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பதவியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள், எழுத்து சுத்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக.

தொழிற்சாலையின் கொதிகலனுக்கு டீசல் வேண்டும். அதற்கான தொட்டி பின்புறத்தில் இருக்கிறது. புதிதாக ஒரு கிடங்கு கட்டியபோது இடம் சுருங்கிப்போய், தொட்டியை வேலிக்கு அருகே தள்ளி வைத்துவிட்டார்கள். வேலிக்கும் தொட்டிக்கும் இடையே சட்டம் கேட்கிற தூரம் இல்லை. வேறு இடமில்லை, விதிவிலக்குக் கேட்டு அதிகாரிகளுக்கு எழுதுங்கள் என்றார் மேனேஜர். எழுதினேன். தொட்டியைச் சுற்றி இடுப்பளவு சிமெண்டுச் சுவர் இருக்கிறது, தொட்டி பிளந்து மொத்த டீசலும் கொட்டினாலும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்கும், ஆகவே அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஆபத்தில்லை என்று எழுதினேன். குளிர்சாதன அறையில், பத்து நிமிடத்தில்.

விலக்கு கிடைத்தது, நிபந்தனையோடு. சுவருக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்ற அடியில் ஒரு குழாயும் அதற்கு ஒரு வால்வும் உண்டு. அந்த வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். மழைநீரை வடிக்கும்போது மட்டும் ஆள் பக்கத்தில் நின்று திறந்து, மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்துப் பதிய வேண்டும். பராமரிப்புப் பகுதி அண்ணன் வாராவாரம் படிவத்தில் ‘மூடியுள்ளது’ என்ற கட்டத்தில் குறி போட்டு அனுப்புவார். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். இரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் ஒருநாள்கூடத் தொட்டியைப் போய்ப் பார்த்ததில்லை.

வேலிக்கு வெளியே, சாலையோர வடிகாலின் மேல் பலகை அடித்து ஓர் அக்கா கடை போட்டிருந்தார். நிபோங் திபால் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்து, முதுகு போனபின் கடைக்கு வந்தவர். காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், பத்து மணிக்குமேல் வடை. கேஸ் அடுப்பில் பெரிய வாணலி நிறைய எண்ணெய் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அங்கேதான் பசியாறல். எனக்கும் அங்கேதான்.

ஒரு காலை, பொட்டலத்தைக் கையில் கொடுத்தபடியே அக்கா சொன்னார்.

“ரெண்டு நாளா லோங்காங்ல எண்ணெ வாடை வருதும்மா. உங்க ஃபேக்டரிலேருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன். பாக்கச் சொல்லுங்களேன்.”

குனிந்து பார்த்தேன். பலகை இடுக்கு வழியாகத் தெரிந்த வடிகால் தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம். அதற்கு நேர் மேலே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே தொட்டி இருக்கும் இடத்துக்குப் போனேன்.

வால்வு திறந்திருந்தது. தற்செயலாக அல்ல. கைப்பிடி நகராதபடி திறந்த நிலையிலேயே கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கம்பி துருப்பிடித்திருந்தது, அதாவது கட்டிப் பல மாதம் ஆகிவிட்டது. இரண்டு நாளுக்கு முன் டீசல் நிரப்ப வந்த லாரி கொஞ்சம் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. அதுதான் குழாய் வழியாக வெளியே ஓடி, அக்காவின் காலடிக்குப் போயிருந்தது.

பராமரிப்பு அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. செய்த காரியத்தில் அவருக்குப் பெருமைதான்.

“மழத்தண்ணி நின்னா டிங்கி கொசு வருதுலா. போன வருசம் சுகாதாரக்காரங்க வந்து அந்தச் செவுத்துக்குள்ள புழுவக் காட்டி கம்பவுண்டு எழுதி அபராதம் போட்டாங்க, மறந்துட்டீங்களா? தெனம் தெனம் தொறந்து மூட ஆளு எங்க? அதான் கட்டிட்டேன். இப்ப ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது.”

“அப்புறம் ஏன் அண்ணே ‘மூடியுள்ளது’ன்னு குறி போட்டீங்க?”

“ஃபார்ம்ல வேற கட்டமே இல்லையே.”

படிவத்தைத் தயாரித்தவள் நான். ‘மூடியுள்ளது’ என்ற ஒரே கட்டத்தை அழகாகக் கோடு போட்டு அச்சடித்தவளும் நான்தான். அண்ணனின் மனைவி டிங்கிக் காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் எனக்குத் தெரியும். அவருக்குக் கொசு என்றால் உயிர் பயம். அவரைத் திட்ட வாய் வரவில்லை. கம்பியை அறுக்கச் சொல்லி, வால்வை என் கையாலேயே மூடினேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. நான் காலையில் போய் வால்வை மூடுவேன். மழை பெய்தால் அண்ணன் திறப்பார், திறந்ததை மறப்பார். கேட்டால் சிரிப்பார்.

“அது டீசல்லா, பெட்ரோல் இல்ல. லேசுல பத்தாது. நீங்க சும்மா பயப்படுறீங்க.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. டீசல் சட்டென்று பற்றிக்கொள்ளாது என்று நானும் தேடிப் படித்தேன். படித்ததில் பாதிதான் மனதில் நின்றது. துணியில் ஊறினால் பற்றும், சூடேறினால் பற்றும் என்கிற பாதி. அக்காவின் வாணலி ஒருநாள் தீப்பிடித்துக் கவிழ்ந்தால், கீழே ஓடுவது வெறும் தண்ணீராக இல்லாவிட்டால் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பாலத்தில் பஸ் போகும்போது தெற்கே மேகம் கறுத்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். விடுமுறை நாளில் பசாருக்குப் போன இடத்தில் தூறல் விழ, கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. அன்று நான் வாங்கப் போன எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

விலக்கைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. பழைய கடிதத்தையே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுங்கள் என்றார் மேனேஜர். முடியாது என்றேன். என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வால்வு பல மாதம் திறந்து கிடந்ததையும், வாரப் பதிவுகள் பொய் என்பதையும், அதில் என் கையெழுத்து இருப்பதையும், டீசல் வெளி வடிகாலுக்குப் போனதையும் எழுதினேன். அந்த வடிகாலின் மேல் சில அடி தூரத்தில் ஒரு கடையில் நாள் முழுக்க அடுப்பு எரிகிறது, விபத்து நடந்தால் முதலில் அங்கேதான் உயிர் போகும் என்றும் எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கடிதம் அப்படியே போனது.

அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கு வேலை போகவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் புது வால்வு ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள். பொருத்தினோம். விலக்கு மீண்டும் கிடைத்தது. அந்த வாரம் நான் மழையைப் பார்த்துப் பயப்படவில்லை. வீட்டில்கூட, முகம் தெளிந்துவிட்டதே என்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் அக்கா அலுவலக வாசலில் வந்து நின்றார். கடை நாளில் அவர் அடுப்பை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம்.

“மஜ்லிஸ்காரங்க குடுத்துட்டுப் போனாங்கம்மா. மலாய்ல இருக்கு. ரெண்டு வாரத்துல கடைய எடுக்கணுமாம். படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். நகராட்சியின் உத்தரவு. எரிபொருள் சேமிப்பு இடத்துக்கு அருகே திறந்த நெருப்பு இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, ஆகவே கடையை அகற்ற வேண்டும். அவ்வளவுதான். அதில் இருந்த தூரம் நான் என் கடிதத்தில் எழுதிய தூரம். நெருப்பைப் பற்றிய வரி என் வரியின் மலாய் வடிவம்.

“உங்க தொட்டிக்கு ஏதோ வெலக்கு லெட்டர் எழுதி வாங்கிக் குடுத்தீங்கன்னு அண்ணன் சொன்னாரு,” என்றார் அக்கா. “எனக்கும் அப்படி ஒன்னு எழுதுங்களேன். எட்டு வருசமா இங்கதான் இருக்கேன், ஒன்னும் ஆகலன்னு எழுதுங்க. நீங்க எழுதுனா கேப்பாங்க.”

ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். கணினியில் வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். முகவரி அடித்தேன். பொருள் என்ற இடம் வரை வந்தேன். ஆபத்தில்லை என்று அடிக்க விரல் வரவில்லை. பார்க்காத தொட்டிக்காகப் பத்து நிமிடத்தில் எழுதிய சொல் அது. தினமும் பசியாறிய கடைக்காக அதை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா,” என்றேன். “உங்க அடுப்பப் பத்தி எழுதிக் குடுத்தது நான்தான். உங்களுக்கு ஏதும் ஆயிடக்கூடாதுன்னுதான் எழுதுனேன்.”

அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கையிலிருந்த உறையை மடித்தார், விரித்தார். பிறகு, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில் கேட்டார்.

“தொட்டிய எடுக்கச் சொல்லி எழுதலியாம்மா?”

எழுதவில்லை. அத்தனை நாள் மழைக்கும் மேகத்துக்கும் பயந்து செத்தவளுக்கு, அப்படி ஒரு வரி எழுதலாம் என்று தோன்றவே இல்லை.