கமலா ரீச்சரின் தாரா அட்டைகள்

“சேர், கமலா ரீச்சர் மோசம் போயிட்டா” என்று விசுவமடுவில் கடை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் காலையிலேயே தொலைபேசியில் சொன்னான். அன்று பின்னேரம் செத்தவீட்டில், எங்கள் பாடசாலையின் பெயரில் அச்சடித்த அஞ்சலிப் பிரசுரம் என் கைக்கு வந்தது. அதில் அவரை “எமது பாடசாலையின் நலன்விரும்பி” என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லால் வந்த கோபத்தில்தான், முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் தடுமாறிவிடுவேன் என்று பயந்து, சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டேன்:

1. கமலா ஓர் ஆசிரியை.
2. அவருடைய தாரா அட்டைகள் விளையாட்டல்ல, பாடம்.
3. அவர் ஆசிரியை என்பதை மறைத்தவர்கள் இன்றைய பாடசாலை நிர்வாகத்தினர்.

நான் உப அதிபராக இருந்த காலத்தில், நியமனக் கடிதம் இல்லாத தொண்டர் ஆசிரியையாகப் பதினொரு வருடம் அங்கே ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஆசிரியர் அறையில் ஒருவர், “தோட்டத்து இங்கிலீஸ் எங்கட பிள்ளையளுக்கு விளங்குமோ?” என்று அவர் காதுபடவே கேட்டார். கமலா கொப்பிகளைத் திருத்தியபடியே, “பிள்ளையளுக்கு விளங்குது சேர். உங்களுக்குத்தான் சோதினை வைக்க வேணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டவரைக் கண்டிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் “டக்” என்ற ஒரே பறவைப் பெயரை வைத்து இரண்டு கிழமை பாடம் நடத்தினார். அந்தப் பெயர் எங்கெல்லாம் வழங்குகிறது என்று பிள்ளைகளே தேடி வந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அட்டையில் எழுத வேண்டும். குளத்தில் நீந்தும் தாரா. ஓர் ஓட்டமும் எடுக்காமல் ஆட்டமிழந்த துடுப்பாட்டக்காரர். சட்டென்று தலையைத் தாழ்த்துவது. கூடாரம் தைக்கும் தடித்த துணி. பதவிக்காலம் முடியும் நேரத்தில் எவரும் மதிக்காத தலைவர். தைரியமில்லாத பிள்ளைகள்கூட அட்டையோடு எழுந்து நின்றார்கள்.

அப்போதுதான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

“ஒரு தாராவுக்கு ரெண்டு கிழமையோ?”

“தாரா ஒண்டுதான் சேர். இங்கிலீஸ்காரன் அதை மேய விட்ட இடமெல்லாம் பிள்ளையள் தேடிப் பிடிக்கினம்.”

வகுப்பு சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “இவாவுக்கு நியமனம் இருக்கோ?” என்றார். நான், “இல்லை சேர்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த கிழமையே கமலாவை நிற்பாட்டினார்கள். அதே வகுப்பில் பிறகு எத்தனையோ மாதம் ஆங்கிலத்துக்கு ஆளே இல்லை. நியமனம் இல்லாத ஆசிரியையை வைத்திருக்கக் கூடாது. ஆனால் ஆசிரியையே இல்லாத வகுப்பை வைத்திருக்கலாம்! இந்த நியாயம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நிற்பாட்டிய அன்று வீட்டுக்குப் போகும்போது கமலா என்னிடம், “சேர், பிள்ளையள் இன்னும் மூண்டு அட்டை கொண்டர வேணும். வாங்கி வையுங்கோ” என்றார். வாங்கி வைத்தேன். அந்த மூன்றும் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை அவைதான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நேற்று இன்றைய அதிபரிடம் நேரே போய்ச் சத்தம் போட்டேன். என் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவர் அமைதியாக, பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் பழைய சம்பவத் திரட்டை எடுத்து விரித்தார். “நாங்கள் புதுசா ஒண்டும் எழுதேல்லை சேர். இதைப் பாத்துத்தான் போட்டனாங்கள்.”

அதிகாரி வந்துபோன நாளின் பதிவு: “ஒன்பதாம் வகுப்பை நலன்விரும்பி ஒருவர் பார்த்துக்கொண்டார்.” கீழே உப அதிபரின் கையெழுத்து. என் கையெழுத்து.

முதலாவதும் இரண்டாவதும் சரி. மூன்றாவது பிழை.