ரைமுண்டாவின் மகன்

விரலைக் குத்தியதும் வரும் முதல் துளி ரத்தத்தை ஜுசேலியா அக்கா பஞ்சால் துடைத்துவிடுவாள். இரண்டாவது துளியைத்தான் கண்ணாடித் தகட்டில் எடுப்பாள். அதற்குள் வந்தவரின் அம்மா பெயரைக் கேட்டுவிடுவாள்.

பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் நானும் அக்காவோடு வேலை பார்த்த மலேரியா நிலையத்துக்கு அன்று தங்கச் சுரங்கத்து வால்தெசிர் காய்ச்சலோடு வந்தான். சுரங்கத்துக்குத் திரும்பும் படகு புறப்பட அரை மணி நேரம்தான் இருந்தது.

“ஈரல்ல ஒளிஞ்சிருக்கிற கிருமிக்கும் மாத்திரை குடுக்கா. எல்லாருக்கும் தர்றதுதானே?”

“அம்மா பேரு?”

“ரைமுண்டா. ஏன், சம்பந்தம் பேசப் போறியா?”

அக்கா சிரிக்காமல் பதிவேட்டைப் புரட்டினாள்.

“ஏதிமார் உன் தம்பியா?”

“ஆமா. அப்பா வேற.”

“அந்த மாத்திரையத் தின்னுதான் அவனுக்கு ரத்தம் உடைஞ்சு மூத்திரம் கறுப்பாப் போச்சு. ரத்தத்தக் காக்குற சத்து அவன் உடம்புல போதுமான அளவு ஊறாது. அந்தக் குறை அம்மா வழியா வருது, உனக்கும் இருக்கலாம். சோதிக்கிற அட்டை இங்க தீர்ந்துபோச்சு. இப்போதைக்குக் காய்ச்சல் மாத்திரை மட்டும் தர்றேன். டவுன்ல சோதிச்சுட்டு வா.”

“டவுனுக்குப் போனா வேலை போயிடும்!” மேசையில் குத்தினான்.

“வேலை வேற கிடைக்கும்டா.”

கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். படகு அவனோடு கிளம்பியது.

மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அவன் சட்டைப்பையில் கூட்டாளி கொடுத்த அதே ஈரல் மாத்திரைகள் பதினான்கு இருந்தனவாம். படகில் ஏறியதும் அந்தப் பதினான்கையும் ஆற்றில் வீசியிருக்கிறான்.