கட்டுப்பாடு எனக்கு, சோற்றுக்கு இல்லை

பட்டினி கிடக்கும் ஒரு பெண்ணைக் கும்பிட நீங்கள் வரிசையில் நின்றதுண்டா? நின்றிருந்தால் கலைமணியைப் பார்த்திருப்பீர்கள். எடை மெஷினைத் தோள்பையில் போட்டுக்கொண்டு உங்களை இடித்து முன்னால் போனவள். "வரிசையில வாம்மா" என்று அதட்டியும் இருப்பீர்கள்.

கலைமணிக்கு முப்பத்தாறு வயது. தர்மபுரியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆராய்ச்சியாளர். சாப்பாட்டை மறுக்கும் பெண்களைத் தேடி, கேள்வித்தாளோடு சித்தேரி மலைப் பஸ்ஸில் நான்கு வருஷமாக ஏறி இறங்குகிறாள். கேட்கலாம், குறிக்கலாம். வைத்தியம் செய்ய அவளுக்கு அதிகாரமில்லை.

இண்டூர்ப் பக்கம் ஓர் ஊரில் கவிப்பிரியா என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஐந்து மாதமாக மோரும் இரண்டு வாய்க் கஞ்சியும் தவிர எதையும் தொடவில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனாள். சாமி வந்திருப்பதாக ஊர் முடிவு கட்டியிருந்தது. வாசலில் தேங்காய்த் தட்டுகளோடு கூட்டம். உள்ளே பாயில் எலும்பும் தோலுமாகச் சாமி. எடை முப்பத்தொரு கிலோ. நாடி நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு.

வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தார் அப்பா நஞ்சப்பன். "எம்புள்ள விரதங்க மேடம். இதுல நோய் எங்க வந்துச்சு?"

"விரதம் என்னைக்குங்க முடியுது?"

"அது சாமிக்குத்தான் தெரியும்."

"சாமிக்கு நாடி நாப்பத்திரண்டுதாங்க அடிக்குது. நின்னுபோச்சுன்னா யாரக் கும்பிடுவீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டு வாங்க எழுந்து போனார்.

கலைமணி கேள்வித்தாளைப் பிரித்தாள். "குண்டாயிடுவோம்னு பயமா இருக்காம்மா?"

"குண்டாகறதுக்கு இங்க என்ன இருக்குதுங்கக்கா?" கவிப்பிரியா தன் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கேள்வி: உங்களுக்கு உணவுக் கட்டுப்பாடு உண்டா? எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து எவரோ மொழிபெயர்த்த கேள்வி. இந்த ஊரில் கட்டுப்பாடு என்றால் ஒரே பொருள்தான். ஊர் கூடி, இன்னாரோடு பேசாதே, இன்ன தெருவுக்குப் போகாதே என்று விதிப்பது.

கவிப்பிரியா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கட்டுப்பாடு எனக்குங்க, சோத்துக்கு இல்ல. காலேஜ நிறுத்துனாங்க. போனப் புடுங்குனாங்க. மாமனுக்குப் பேசி முடிச்சாங்க. சோறு ஒண்ணுதான் நான் சொன்ன பேச்சக் கேக்குது. சாமின்னு ஆனதும் கல்யாணம் நின்னுச்சு. இனி சாப்புட்டா கல்யாணம், சாப்புடலன்னா சாவு. நீங்களே சொல்லுங்கக்கா, எதுக்கு டிக் போடுவீங்க?"

நான்கு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு எத்தனை பெண்கள் ஊரை நினைத்துக்கொண்டு பதில் சொன்னார்களோ. கலைமணி கொல்லைப்பக்கம் போய் டாக்டர் பிரபாகருக்கு போன் போட்டாள். ஆராய்ச்சிக்குத் தலைவர் அவர்தான்.

"குண்டாயிடுவோம்ங்கற பயம் இல்லன்னா நம்ம ஸ்டடியில வராதே, கலைமணி."

"ஸ்டடி கிடக்கட்டும் சார். பெட் இருக்கா?"

"அப்பா கையெழுத்துப் போடுவாரா?"

"பத்தொன்பது வயசு சார். அவ கையெழுத்து போதும்."

"கூட்டிட்டு வாங்க."

கையெழுத்துப் போடும் முன் கவிப்பிரியா கேட்டாள்: "திரும்ப இந்த வூட்டுக்குத்தான வரணும்?"

"தெரியலம்மா. இன்னைக்கு நீ உசுரோட இருக்கணும். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

108 வந்தது. தடுக்க வந்த நஞ்சப்பனிடம் கலைமணி கையெழுத்தைக் காட்டினாள். வரிசை கலையவில்லை. வாசலிலிருந்து வண்டிவரை நாற்பதடி தூரத்துக்கு அரைமணி நேரம் ஆனது. ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்தவளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் ஒதுங்கவில்லை.

இன்று ஏழாம் நாள். காலையில் கவிப்பிரியா ஒரு இட்லி தின்றுவிட்டு, தோற்றுவிட்டதாக அழுதாள். வார்டு வாசல் பெஞ்சில் நஞ்சப்பன் காத்திருக்கிறார். கலைமணியைக் கண்டதும் எழுந்துகொள்கிறார். "நாளைக்கு வெள்ளிங்க மேடம். ஜனம் வந்துரும். வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? வுட்டுருங்க, கூட்டிட்டுப் போறேன்." கலைமணியால் ஒரு கட்டிலைப் பிடித்துவைக்க முடியும். ஒரு தெருவைப் பிடித்துவைக்க முடியாது.

அந்த மனிதர் நடுங்குவது சாமிக்கு இல்லை, உங்கள் தேங்காய்த் தட்டுக்கு. நாளை அந்த வாசலுக்குப் போகாதீர்கள். போகக் கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரரையும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.