தாப்பா ரோட்டு எழுத்து

இடது கை முஷ்டி பலகையில் ஊன்றியிருந்தது. அதன்மேல் அமர்ந்த வலது கை, சிவப்புப் பெயிண்டை ஒரு வளைவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. வளைவு முடிகிற இடத்தில் பிரஷ் நின்று, யோசித்து, இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பியது. அந்த இடத்தில் ஒரு பாறையைச் சுற்றிப் போகவேண்டும்.

கைகள் ஆண்டியப்பனுடையவை. மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் பெட்டிகளுக்குக் குறி போடுபவர். துரை கொடுத்த ஆங்கிலத் தகர அச்சை வைத்து மை தடவுவது வேலை. அவராக வரைந்த தமிழ் எழுத்து எதுவும் தோட்டத்தைத் தாண்டியதில்லை. 1976இல் தங்கராஜு பழைய வேன் ஒன்றை வாங்கி, அடிவாரத்துத் தாப்பாவுக்கு ஆள் ஏற்றப்போவதாகச் சொல்லி, 'மலையரசி' என்று போர்டு கேட்டார். எந்த ரோட்டில் ஓடுமோ அந்த ரோட்டாலேயே எழுத்தைச் செய்வது என்று ஆண்டியப்பன் முடிவு செய்தார்.

தாப்பாவுக்கு இறங்கும் தேயிலை லோரியில் ஏறி, மடியில் சிலேட்டை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். லோரி திரும்பும் பக்கம் பல்பம் திரும்பியது. ஓட்டுநர், மனிதர் பயப்படுகிறார் என்று நினைத்து மெதுவாக ஓட்டினார். வளைவுகள் சப்பையாக வந்தன. மறுவாரம் விஷயத்தைச் சொல்லி, வழக்கமான வேகத்தில் ஓட்டச் சொன்னார். அருவிப் பக்கத்து வளைவுகள் எல்லாம் தும்பிக்கை வைத்த 'லை'க்குள் அடங்கின.

பெயிண்ட் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கராஜு போர்டை எடுத்துப்போக லயத்து வீட்டுக்கு வந்தார். காப்பி கொண்டுவந்த வேலாயி, கணவர் எழுதியதை அப்போதுதான் பார்த்தார். தாப்பா ரோட்டில் குமட்டலை அடக்கும் உப்புப் பிளம் வாயில் இல்லாமல் வேலாயி போனதே இல்லை.

"இது அந்த அருவி வளைவுதானே?" என்று 'லை'யைத் தொட்டவர், காப்பியை வைத்துவிட்டுப் பின்பக்கக் கால்வாய்க்கு ஓடினார்.

தங்கராஜு போர்டிலிருந்து கண்ணை எடுத்தார். "அண்ணே, அண்ணிக்கே இப்படின்னா, டிக்கெட்டு வாங்கி ஏறுறவன் என்ன ஆவான்லா?"

"அவ்வளவு சரியா வந்திருக்குன்னு அர்த்தம்."

"அந்த ஒரு வளைவ மட்டும் நிமித்திக் குடுங்களேன்."

"நிமித்தினா வேன் பள்ளத்துல விழும்."

"போர்டுலதானேண்ணே."

"போர்டுலயும்தான்."

"அப்ப வேணாம்லா. தானா ராத்தா டவுன் கடையில நேரா எழுதித் தர்றான், நான் அங்கயே போறேன்."

ஆண்டியப்பன் பலகையின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

வேலாயி முந்தானையால் வாயைத் துடைத்தபடி வந்தார். "ஏறுற சனம் வேனோட முன்னையும் பக்கத்தையும்தானே பாக்கும்? பின்னால மாட்டித் தொலைங்களேன். எங்க கண்ணுல படாம இருந்தா சரி."

"பின்னால வர்றவன் பாப்பானே அண்ணி," என்ற தங்கராஜு சட்டென்று நிறுத்தினார். வேன் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த ரோட்டில் அவர் பின்னால் வந்து, முந்திக்கொண்டு போய் ஆளை அள்ளுவது டாக்சிக்கார ராமையாதான். "பாக்கட்டும்லா. நல்லாப் பாக்கட்டும்."

"பின்னால இருந்தாலும் ரோட்டுல போகும்ல?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"போகாம? தெனம் ரெண்டு நடை."

ஆண்டியப்பன் எழுத்துப் பக்கம் வேலாயிக்குத் தெரியாதபடி பலகையைத் திருப்பி, தங்கராஜுவின் கையில் கொடுத்தார்.